மாதிரிக்கு ஒரு நகல்

மதநல்லிணக்கக் கூட்டம் என்று சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் தாமோதரன் தொழுகைக் கூடத்துக்காரர்களை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார். டீ கொடுத்தார். கூட்டத்துக்கு வந்திருந்த டிஎஸ்பி அம்மா மெச்ச வேண்டுமே என்று அரை மணி நேரம் பேசினார். அப்புறம் பாங்கு சொல்லும் மோதினார் பக்கீர் மைதீனைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க கூடத்துக்கு அனுமதிக் கடிதம் எங்கே? வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா பூட்டுதான்.”

நாற்பது வருஷக் கூடம். இதுவரை யாரும் கடிதம் கேட்டதில்லை.

மோதினார் பவ்யமாக எழுந்தார். “வாங்கிடறேன் ஐயா. ஆனா அது எப்படி இருக்கும்னு தெரியாது. மாதிரிக்கு ஒரு நகல் கொடுத்தா நல்லாயிருக்கும்.”

“எதோட நகல்?”

“ஸ்டேஷன் வாசல்ல பிள்ளையார் கோயில் இருக்கே, அதுக்கு வாங்கின கடிதத்தோட நகல்.”

இன்ஸ்பெக்டரின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. டிஎஸ்பி அம்மா திரும்பினார். “எங்கே அந்தக் கடிதம்?”

“அது... ரொம்ப வருஷமா இருக்கு மேடம்.”

“எங்களதும் அப்படித்தாம்மா,” என்றார் மோதினார். “பிள்ளையார் அங்கேயே இருக்கட்டும். நாங்களும் எங்க இடத்துல இருந்துக்கறோம்.”

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் கூடத்து வாசலுக்கு வந்தார். கையில் பூட்டைக் காணோம், விசில் இருந்தது. தொழ வந்தவர்களின் வண்டிகளை வரிசையாக நிறுத்த வைத்துக்கொண்டிருந்தார்.