பின்னால் நிற்பவன் எதைப் பார்க்கிறான்?

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. சீடரைவிட ஏழெட்டு வயது சின்னவன். சீடரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். பேர் நிஸார். திருச்சியில் பேட்மிண்டன் ஆடுகிறவன், அதிலும் இரட்டையர் ஆட்டம் மட்டும்.

சீடர் கருணைராஜ். ஒற்றையர் ஆட்டத்தில் பல வருஷம் மாநிலத்தில் அவரை அசைக்க ஆளில்லை. முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு தனியாளாகக் களம் முழுக்க ஓட முடியவில்லை. அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் மாநிலக் கோப்பை வந்தால் விளையாட்டு அணியில் இருக்கலாம். இல்லையென்றால் மட்டையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரலாம்.

மட்டை இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெட்கத்தை விட்டு நிஸாரிடம் போய் நின்றார்.

அவனோடு ஜோடி சேர எத்தனையோ இளவட்டங்கள் காத்துக் கிடந்தார்கள். அவனோடு ஆடியவர்கள் எல்லாரும் மேலே போனவர்கள். பேப்பரில் படம் வந்தால், அவனோடு ஆடுகிறவன் முழுசாகத் தெரிவான், நிஸார் அவன் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக இருப்பான். அதற்காக அவன் ஒரு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று கருணைராஜுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"என்னை வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணப்போற?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட கை இருக்கு. என்கிட்ட முழங்கால் இருக்கு. போதாதா அண்ணே?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கருணைராஜ் வலைக்குப் பக்கத்தில் முன்னால் நிற்க வேண்டும். பின்னால் வருவதையெல்லாம் நிஸார் பார்த்துக்கொள்வான். சொல்வதற்குச் சுலபம். ஒற்றையர் ஆடினவருக்குக் களம் மொத்தமும் தன்னுடையது. தலைக்கு மேல் பந்து போனால் அவர் யோசிப்பதற்கு முன்பே கால் திரும்பிவிடும். சேர்ந்து ஆடிய முதல் போட்டியில் அப்படித்தான் திரும்பிப் பாய்ந்தார். மட்டை நிஸாரின் புருவத்தைக் கிழித்தது. ஆட்டமும் போயிற்று.

மறுநாள் காலை நிஸார் நெற்றியில் கட்டோடு பயிற்சிக்கு வந்தான். கருணைராஜுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"தம்பி, என்னை விட்டுரு. வேற ஆளப் பாத்துக்க."

"தையல் எனக்குத்தானே போட்டிருக்கு? நீங்க ஏன் அண்ணே வலிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"சிரிக்காத. கால் நிக்கமாட்டேங்குதுப்பா. பின்னால நீ எடுத்தியா விட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நிஸார் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பேரை எதிர்ப் பக்கம் நிறுத்தினான்.

"அண்ணே, மட்டையைக் கீழ வைங்க. முன்னால போய் நில்லுங்க. திரும்பக் கூடாது. எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியைப் பார்த்து, நான் என்ன செய்யறேன்னு சொல்லுங்க."

"இது என்ன கிளி ஜோசியமா?"

"சொல்லுங்களேன்."

எதிரில் இருந்தவர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட, நிஸார் பின்னாலிருந்து அடித்துக்கொண்டே இருந்தான். கருணைராஜ் வெறுங்கையோடு நின்று அவர்கள் முகத்தைப் பார்த்தார். முதலில் சொன்னதெல்லாம் தப்பு. எதிரில் நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் போனதும் ஏதோ பிடிபட்டது. அவர்கள் முட்டி மடங்கினால் நிஸார் ஓங்கி அடிக்கப் போகிறான். கண் வலைக்கு ஓடினால் மெல்லத் தட்டப் போகிறான்.

"ஸ்மாஷ்... ஸ்மாஷ்... ட்ராப்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்தினார். எதிரே இருவரும் மட்டையைத் தொங்கவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள்.

"தம்பி, நீ அங்க இல்ல."

"தண்ணி குடிக்க வந்தேன் அண்ணே" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

கருணைராஜ் வாய்விட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, நான் அவங்க மூஞ்சியைப் பாக்கிறேன். பின்னால நின்னுக்கிட்டு நீ எதைப் பாக்கிற?"

"அதை அப்புறம் சொல்றேன் அண்ணே."

அதற்குப் பிறகும் கால் சும்மா இருந்துவிடவில்லை. தலைக்கு மேல் பந்து போகும்போதெல்லாம் உள்ளுக்குள் துடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நின்று நின்றே மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்.

மூன்றாவது கேம். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. விட்டால் சரிசமம், அதற்கு மேல் தன் முழங்கால் தாங்காது என்று கருணைராஜுக்குத் தெரியும்.

நிஸார் இடது மூலையிலிருந்து ஓங்கி அடித்தான். எதிராளி அதை வலது கோடிக்கு உயரத் தூக்கிவிட்டான். பந்து கருணைராஜின் தலைக்கு மேல் போயிற்று. பின்னால் தடதடவென்று ஓடுகிற சத்தம். அப்புறம் ஷூ வழுக்குகிற சத்தம். தொப்பென்று ஏதோ விழுந்தது. அரங்கமே "அய்யய்யோ" என்றது.

எதிரே ஒருவன் மட்டையைத் தாழ்த்திவிட்டான். இன்னொருவன் சிரித்தேவிட்டான்.

நிஸார் விழுந்துவிட்டான். அதைத் தெரிந்துகொள்ளத் திரும்ப வேண்டியதே இல்லை. தன் வாழ்க்கையே தலைக்கு மேல் பறந்து போய்க்கொண்டிருக்கிறது. திரும்பு, ஓடு, நீயே எடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கருணைராஜ் மட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். எதிரே இருந்த அந்தச் சிரிப்பையே பார்த்தார்.

சட்டென்று சிரிப்பு அழிந்தது.

அவர் காதை உரசிக்கொண்டு பந்து பறந்தது. தாழ்த்திய மட்டையை அவசரமாகத் தூக்கியவன் எப்படியோ தொட்டான். பந்து வலைக்கு மேலே சோம்பலாக எழும்பியது. கருணைராஜ் ஒரு எட்டு வைத்துத் தட்டினார். அவ்வளவுதான்.

கோப்பை வாங்கி, படம் எடுத்து முடித்தார்கள். அந்தப் படத்திலும் நிஸார் பாதி முகமாகத்தான் இருந்தான். பிறகு அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கருணைராஜ் தன் துண்டை நனைத்து அதன் மேல் வைத்தார்.

"நீ விழுந்தது எனக்குத் தெரியும் தம்பி."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் அண்ணே."

"திரும்பணும்னு உசிரே துடிச்சுது."

நிஸார் தலையாட்டினான்.

"எந்திரிச்சு எப்படிப்பா எடுத்த? தரையோட தரையா கிடந்திருப்பியே."

நிஸார் கழற்றிய சாக்ஸை ஷூவுக்குள் திணித்தான்.

"பின்னால நின்னுக்கிட்டு எதைப் பாக்கிறேன்னு கேட்டீங்கல்ல? உங்க முதுகைத்தான் அண்ணே பாப்பேன். விழுந்து கிடந்தப்பவும் அதைத்தான் பாத்தேன். அது திரும்பியிருந்தா, நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்."