செம்பாயியின் பன்னிரண்டு பாய்கள்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குக் காலையில் ஓர் ஆசையும் மாலையில் ஓர் ஆணையுமாகப் பிறந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு ராஜாவுக்குத் தம் கலாசாலைமேல் மோகம் வந்துவிட்டது. அங்கே மாணவருக்கு ஆண்டுக்கு ஒரு கோரைப்பாய். அதில் உட்கார்ந்து படித்துப் பன்னிரண்டு பாய் தேய்ந்தால் பட்டயம்.

"தேய்ந்த பாய் பன்னிரண்டைச் சபையில் விரிப்பவருக்கே பட்டயம். பட்டயம் உள்ளவருக்கே உத்தியோகம்!" என்று ஆணையிட்டார்.

வந்தது வினை, ஏரி மதகைக் காக்கும் செம்பாயிக்கு. கணவன் போனபின் பன்னிரண்டு மழைக்காலம் ஏரி உடையாமல் காத்தவள் அவள். அந்த வேலைக்கு, கலாசாலையில் பன்னிரண்டு ஆண்டு இருந்த தம் அக்காள் மகன் வைத்தியை நுழைக்கத் தலைமைப் பண்டிதர் ஞானதேசிகர் துடித்தார்.

அரண்மனை விகடன் சாத்தப்பனுக்குப் பொறுக்கவில்லை. அந்த மனுஷி மதகைத் திறந்தால்தானே இந்தப் பண்டிதர் இலையிலும் சோறு!

"அரசே, நாளை செம்பாயியும் பாய் விரிப்பாள்" என்று சொல்லிவிட்டான்.

"விரிக்காவிட்டால் நீர் நாட்டைவிட்டுப் போகவேண்டும்" என்றார் பண்டிதர். ராஜாவும் தலையாட்டினார்.

வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட சாத்தப்பன் அவள் குடிசைக்கு ஓடினான். "பாய் ஏதாச்சும் இருக்கா தாயி?"

"பரண் நெறைய இருக்கு சாமி. கரை கசிஞ்சா களிமண்ணு பூசி, சுருட்டி அடைப்பேன். கோடையில பிடுங்கி வச்சுக்குவேன். வருசத்துக்கு ஒண்ணு."

சாத்தப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் செம்பாயி பன்னிரண்டு பாயையும் விரித்ததும் சபையெங்கும் சேற்று வாடை. "இது மோசடி! இவள் இதில் உட்கார்ந்து படித்தாளா?" என்று பண்டிதர் குதித்தார்.

"ஆணையில் தேய்ந்த பாய் என்றுதானே இருக்கிறது, எதனால் தேய்ந்தது என்று கேட்கவில்லையே? எங்கே, வைத்தியின் பாய்களையும் விரியுங்கள்" என்றான் சாத்தப்பன்.

விரித்தார்கள். பன்னிரண்டிலும் தலைமாட்டில் மட்டும் எண்ணெய்க் கறையும் தேய்மானமும். உட்காரும் இடம் புத்தம்புதுசு! சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா செம்பாயியின் கிழிந்த பாய் ஒன்றைக் காட்டினார். "இது என்ன?"

"அது அஞ்சாம் வருசம், மகாராசா. கீழ்க்கரையில நண்டு வளை. விரல் மொத்தந்தான் கசிஞ்சுது. தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்ல. கலங்கி வந்தா கரைய அரிக்குதுன்னு அர்த்தம். அது கலங்கித்தான் வந்துது."

ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிவந்து ஒவ்வொரு பாயாகக் கேட்டார். ஒரு பதிலிலும் அவள் தடுமாறவில்லை. அடேயப்பா, என்ன படிப்பு அது!

"பண்டிதரே, நம் கலாசாலையில் இதைச் சொல்லித்தருகிறோமா?"

பண்டிதர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

"இனி எங்கே கற்றாலும் சபையில் சோதித்துப் பட்டயம் கொடுங்கள்" என்ற ராஜா, முதல் பட்டயத்தைத் தம் கையாலேயே அவளுக்குக் கொடுத்தார். "வேறென்ன வேண்டும், கேள்."

செம்பாயி வைத்தியின் பாய்களைத் தடவிப் பார்த்தாள். "மேக்க மழை கறுத்துட்டு வருது மகாராசா. அந்தத் தம்பி பாயெல்லாம் நல்லா கெட்டியா இருக்கு. குடுத்தா இந்த வருசத்துக்கு ஆகும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். சாத்தப்பன் அந்த மாலையோடு, வைத்தியின் பாய்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு செம்பாயியின் பின்னால் ஏரிக்கரைக்கு நடந்தான்.