வடிவின் முகத்துக்கு ஒரு மீட்டர்

தென்காசியில் ஒரு குருவும் ஒரு சீடரும் உண்டு. குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபது. சிரிக்காதீர்கள். வயதுப் பொருத்தம் எல்லாம் கல்யாணத்துக்குத்தான், படிப்புக்கு இல்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், முகங்களை மட்டும்தான் எடுப்பார். சீடர் குற்றாலிங்கம், மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் அவர் காமிரா பிடிக்கப் படிப்பது ஒரே ஒரு படத்துக்காக, மனைவி வடிவின் படத்துக்காக.

வடிவு நல்ல கறுப்பு. கல்யாணத்தன்று படம் பிடித்தவர், "பொண்ணு நிறமா விழட்டும்" என்று வெளிச்சத்தை வாரிக் கொட்டிவிட்டார். ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரி மாலையோடு நிற்கிறாள். முப்பத்து நான்கு வருஷமாக ஆல்பம் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு வடிவு எந்தக் காமிராவுக்கும் முகம் காட்டியதில்லை. அறுபதாம் கல்யாணம் வருகிறதே என்று குற்றாலிங்கம் கெஞ்சிக் கேட்டதில், கடைசியாக இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு தடவ உக்காருவேன். படத்துல நான் இருந்தா ஹால்ல மாட்டுங்க. வேற எவளாவது இருந்தா, இந்த ஜென்மத்துல இனி கேக்கக் கூடாது."

பாவம், மனிதருக்குத் தூக்கம் போச்சு. மறுநாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"டீச்சர், வெளிச்சம் அளக்குற மீட்டர் வாங்கணும். மூணு விதம் இருக்கு. முகத்தை நோக்கிக் காட்டினா அளக்குறது ஒண்ணு. வெள்ளைக் குமிழ் வச்சது ஒண்ணு. தூரத்துலேருந்து குறி பாத்து மூக்கு நுனியை மட்டும் அளக்குறது ஒண்ணு. எதை வாங்கட்டும்?"

"நாளைக்கு வரும்போது வீட்டுலேருந்து தோசைக்கல்லையும் ஒரு வெள்ளை வேட்டியையும் கொண்டாங்க."

"தோசைக்கல்லா? எதுக்கு?"

"கொண்டாங்க அண்ணாச்சி."

காலையில் தோசைக்கல் பைக்குள் ஏறியதைப் பார்த்து வடிவு இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒங்களுக்குப் படம் எடுக்க வரலன்னா என் தோசைக்கல்லு என்ன செய்யும்? இன்னைக்கு உப்புமாதான், சொல்லிட்டேன்."

ஸ்டுடியோவில் ஜெசிந்தா தோசைக்கல்லை ஜன்னலோரம் சாய்த்து நிறுத்தினார். நோக்கிக் காட்டும் மீட்டரைக் கல்லுக்குக் காட்டி, அது சொன்னபடி ஒரு படம் எடுக்கச் சொன்னார். அதே இடத்தில் வேட்டியைத் தொங்கவிட்டு, மீட்டரை வேட்டிக்குக் காட்டி இன்னொரு படம். இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எது கல்லு, எது வேட்டி?"

குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "அடக் கடவுளே! ரெண்டும் சாம்பலா இருக்கே!"

"இந்த மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கத்தான் வழி சொல்லும். நாமதான் கூட்டிக் குறைச்சுத் திருத்தணும். இப்ப குமிழ் மீட்டரைக் கல்லுக்கிட்ட பிடிங்க. குமிழ் காமிராவைப் பாக்கட்டும்."

பிடித்தார். பிறகு வேட்டிக்கிட்ட பிடித்தார். இரண்டு தடவையும் அதே எண். அந்த எண்ணிலேயே இரண்டையும் எடுத்தார். கல் கல்லாகவே கறுப்பாக இருந்தது, ஓரத்து எண்ணெய்ப் பிசுக்குகூடத் தெரிந்தது. வேட்டி வெள்ளையாக இருந்தது.

"இது எப்படி டீச்சர்?"

"எதுமேல விழுதுன்னு இது கேக்காது. எவ்வளவு விழுதுன்னு மட்டும்தான் பாக்கும்."

"அப்ப இதுதான்! இன்னைக்கே வாங்கிடுறேன்."

"பறக்காதீங்க. முதல்ல என்னோடதை வச்சு வடிவு மைனியை எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வடிவு வந்தாள். மாம்பழ நிறப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ, முகத்தில் மட்டும் கொஞ்சம் கடுப்பு. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். குற்றாலிங்கம் அறையின் இந்தக் கோடியில் காமிராவுக்குப் பக்கத்தில் நின்றபடியே மீட்டரை நெஞ்சுக்கு நேரே பிடித்து எண்ணைப் பார்த்தார்.

"என்ன செய்றீங்க அண்ணாச்சி?"

"ரீடிங் எடுக்கேன்."

"மைனி அங்க இருக்காங்க."

"மீட்டர் எங்க இருக்கோ அங்கதான டீச்சர் ரீடிங்?"

முப்பது வருஷத்துப் பழக்கம், லேசில் விடுமா? மீட்டரைப் பார்த்தாரே தவிர, வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க அவருக்கு வேலையே இருந்ததில்லை.

"ஜன்னல் வெளிச்சம் உங்க மேலயா விழுது? மைனி முகத்துக்கிட்ட கொண்டு போய்ப் பிடிங்க."

போனார். மீட்டரை வடிவின் தாடைக்கருகில் பிடித்துக் குனிந்தார். எண்ணைப் பார்க்கப் போனவர் அதைப் பார்க்கவில்லை.

"ஏட்டி வடிவு, புருவத்துக்கு மேல இந்தத் தழும்பு எப்பப் பட்டுது?"

"எட்டு வயசுல, கிணத்தடியில விழுந்தது. முப்பத்து நாலு வருஷமா இதே முகத்தோடதான இருக்கேன். இப்பத்தான் தெரியுதாக்கும்!"

சொல்லிவிட்டு வடிவு சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குற்றாலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. எண்ணைப் பார்த்துக்கொண்டு காமிராவுக்குத் திரும்பி, லென்ஸ் வளையத்தைத் திருகினார்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தார். "அஞ்சு புள்ளி ஆறுன்னுதானே காட்டுச்சு?"

"ஆமா."

"நாலுல வச்சிருக்கீங்களே. எண் குறைஞ்சா வெளிச்சம் கூடும், முகம் வெளுத்துரும்."

சீடர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு படிதான் டீச்சர். கொஞ்சம் நிறமா விழுந்தா நல்லா இருக்குமேன்னு."

"யாருக்கு?"

குற்றாலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே வடிவு பூவைச் சரிசெய்துகொண்டு இன்னும் தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வளையத்தை ஐந்து புள்ளி ஆறுக்குத் திருப்பினார். ஒரு தடவை அமுக்கினார். அவ்வளவுதான்.

ஜெசிந்தா உடனே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். வடிவு படத்தைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கறுத்த முகம், மினுங்கும் மூக்குத்தி, உதட்டோரம் போகாத சிரிப்பு, புருவத்துக்கு மேல் தழும்பு.

"ஏங்க, ஆணி அடிக்க ஆள் வேணுமா, நீங்களே அடிச்சிருவியளா?"

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் "நானே அடிப்பேன், நானே அடிப்பேன்" என்று இரண்டு தடவை சொன்னார். வடிவு தோசைக்கல்லை ஞாபகமாக எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். குற்றாலிங்கம் வாசல்வரை போய், ஆசை விடாமல், திரும்பி வந்தார்.

"டீச்சர், அந்த மூணாவது மீட்டர் இருக்குல்ல, தூரத்துலேருந்து குறி பாக்குறது. பழகிட்டா நின்ன இடத்துலேருந்தே சரியா அளந்திரலாமாமே?"

"அளந்திரலாம்."

"கிட்டப் போகவே வேண்டாமாம். அதையே வாங்கிரட்டுமா?"

"தாராளமா வாங்குங்க அண்ணாச்சி. மைனியைச் சிரிக்க வைக்க வேற வழி வச்சிருக்கீங்களா?"