வடிவம்மையின் வெள்ளரிக்கு வேலி

ஓட்டைக்குளத்து வடிவம்மைக்கு மூன்று தம்பிகள். மூத்தவன் கொம்பையா, நடுவுள்ளவன் ஆழ்வாரப்பன், கடைக்குட்டி சீனிமுத்து. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அந்த ஒன்றும் அக்காவிடம்தான் இருந்தது.

மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் கிளம்பிய வடிவம்மை, தன் வெள்ளரித் தோட்டத்தைத் தம்பிகள் கையில் கொடுத்தாள்.

"ஏலே, சுத்தி முள்வேலி போடுங்க. நான் வாரவரைக்கும் ஒரு மனுசப்பய உள்ள இருக்கப்படாது. ஒரு காய் தோட்டத்த விட்டு வெளிய போச்சு, அப்புறம் உங்களுக்கு என் வீட்டுல சோறு கிடையாது."

சோறு என்றதும் மூவரும் அரிவாளைத் தேடி ஓடினார்கள். அன்றைக்கே உடைமரத்து முள்ளை வெட்டிவந்து வேலி கட்டினார்கள். பூனைகூட நுழைய முடியாத வேலி. வாசல் விட வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை, அவர்களும் விடவில்லை. கடைசி முள்ளைச் செருகிவிட்டு நிமிர்ந்தால் மூவரும் உள்ளே நிற்கிறார்கள்.

சீனிமுத்துவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "அண்ணே, நாமளும் மனுசப்பயலுகதானே?"

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். "ஊர்க்காரன் ஒத்துக்கிட மாட்டான். ஆனா அக்கா அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கா."

தப்பு என்று தெரிந்தபின் நிற்கலாமா? ஒரு மூலையைப் பிரித்து, உடம்பெல்லாம் கீறலோடு வெளியே வந்து, பிரித்ததை அவசரமாக அடைத்தார்கள்.

வெயில் கொளுத்தியது. தண்ணீர் இல்லாமல் கொடிகள் துவண்டன. கிணறோ உள்ளே இருக்கிறது. பக்கத்துக் குளத்தில் குடம் குடமாக மொண்டு வந்து வேலிக்கு மேலே வீசினார்கள். வேலி நன்றாக நனைந்தது.

"காய் வெளிய போகல. ஆனா உள்ளயே செத்துப்போகும் போலிருக்கே," என்று ஆழ்வாரப்பன் கண்ணைத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு வந்தது. வேலியை மோந்து பார்த்தது. அவர்கள் அவசரமாக அடைத்த மூலையில் தலையைக் கொடுத்து, சாவகாசமாக உள்ளே போய்விட்டது.

"விரட்டணுமா அண்ணே?"

"எதுக்குலே? மனுசப்பயதானே இருக்கப்படாது? ஆடு இருக்கலாம்," என்றான் கொம்பையா. சொன்னவன் முகம் அப்படியே மலர்ந்தது. "ஏலே, அப்ப நாமளும் ஆடாப் போயிருவோம்!"

ஆடு போன ஓட்டை வழியாக மூவரும் நாலு காலில் ஊர்ந்து உள்ளே நுழைந்தார்கள். முட்டி தேய்ந்தாலும் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அவர்கள் யோக்கியர்கள். மண்டியிட்டே தண்ணீர் இறைத்து, மண்டியிட்டே கொடிக்கு ஊற்றினார்கள். கொடி தளிர்த்தது, பிஞ்சு விட்டது. வெள்ளாடும் குறை வைக்காமல் மேய்ந்தது.

"அண்ணே, அது காயெல்லாம் திங்குதே!"

"தின்னா என்ன? ஆட்ட ஆடு விரட்டினா ஊர் சிரிக்காது?"

தின்று முடித்த ஆடு ஏப்பம் விட்டு வேலிப்பக்கம் நடந்தது. ஆழ்வாரப்பன் அலறினான். "ஐயையோ, காயெல்லாம் வெளிய போகுது! பிடிங்கலே!"

மூவரும் பாய்ந்து ஆட்டின் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஓட்டையை அடைத்தார்கள். இனி அக்கா வரும்வரை காயை, அதாவது ஆட்டை, காவல் காத்தாக வேண்டும். நாலு காலில் நின்றபடியே காத்தார்கள்.

பேரன் பிறந்த பூரிப்பில், கையில் கருப்பட்டி மிட்டாயோடு வடிவம்மை வந்து சேர்ந்தாள். வேலியைச் சுற்றிச்சுற்றி வந்தாள், வாசலைக் காணோம். உள்ளே மட்டும் ஏதோ சலசலப்பு.

"எவம்லே உள்ள?"

உள்ளே மூவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. மனுசன் என்று தெரிந்தால் சோறு போச்சு. கொம்பையா கண்ணைக் காட்டினான். மூவரும் ஒரே குரலில், "மே...!" என்றார்கள்.

உண்மையான ஆடு திகைத்துப்போய் அவர்களைப் பார்த்தது.

வடிவம்மைக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. "ஏலே கொம்பையா! உள்ள நீயா இருக்க?"

அக்கா கேட்டுப் பதில் சொல்லாமல் இருந்து கொம்பையாவுக்குப் பழக்கமில்லை.

"இல்லக்கா," என்றான் பணிவாக. "ஆடுதான்."