ஈரச் சாக்கு

"கோழிங்க போடுற சத்தத்துல மனசு நிக்கவே மாட்டேங்குது, அம்மா" என்றார் தில்லைநாயகம்.

செங்கமலம் அம்மா முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதில் தில்லைநாயகத்தைவிட இளையவர். அவருக்குக் குரு.

"அதுக்கு என்ன செய்யணும்?"

"வேற யார்கிட்டயாவது அதுங்களை ஒப்படைக்கணும்."

"உங்ககிட்டதானே ஒப்படைச்சேன்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த முட்டையை எடுத்தார்.

துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்று, ஞானம் தேடி இந்தக் கடலோர மடத்துக்கு வந்தவர் தில்லைநாயகம். வந்த அன்றே அம்மா அவருக்குக் கோழிக்கூட்டைக் காட்டினார். முட்டைகள் உப்பளத்துக் குடிசைகளில் காசநோயோடு கிடந்தவர்களுக்குப் போயின.

அம்மா சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். இந்த ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உச்சி வெயிலில் அதை அடைத்து வைக்கக் கூடாது. பூவரசு நிழலில் விட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் காற்று அடியோடு நின்றது. அம்மா முட்டைகளோடு உப்பளத்துக்குப் போயிருந்தார்.

தில்லைநாயகம் கோழிகளைப் பிடித்துக் கூட்டில் அடைத்தார். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சாக்குகளை நனைத்து நான்கு பக்கமும் மூடினார். சத்தம் அடங்கியது. அறைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அவர் மனம் முதல்முறையாக நின்றது.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மாவிடம் சொல்லப்போகிற சந்தோஷத்தோடு வந்து சாக்கை விலக்கினார். சோற்றுப் பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது.

பாதிக் கோழிகள் செத்துக் கிடந்தன. அலகுகள் திறந்திருந்தன. மற்றவை இறக்கைகளை விரித்துக்கொண்டு, சாக்குக்கு நடுவே கிடைத்த இடுக்கில் தலையை நீட்டி நின்றன.

செத்தவற்றை மணலில் புதைத்தார்.

அம்மா திரும்பி வந்து, பாதிக் கோழிகளைக் காணோமே என்று கேட்டார்.

"நாய்" என்றார் தில்லைநாயகம்.

எந்த நாய் என்று அம்மா கேட்கவில்லை. இவராகவே சொன்னார். "மரியபுஷ்பத்தோட நாய்."

மரியபுஷ்பம் பக்கத்து வீட்டுக்காரி, மீன் விற்பவள். வேலிக்கு அந்தப் பக்கம் கருவாடு எடுத்துக்கொண்டிருந்தவள் காதிலும் அது விழுந்தது.

விடிந்ததும் வந்தாள். கையில் ஒரு கோழி. பின்னால் கயிற்றில் நாய். அது பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் வந்தது. அடித்திருந்தாள்.

நாய் தில்லைநாயகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

தன் வீட்டில் முட்டையிடுவது இந்த ஒரு கோழிதான் என்றும், செத்தவற்றுக்கு ஈடாக அதை மடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் மரியபுஷ்பம் அம்மாவிடம் சொன்னாள். இனிமேல் நாயைக் கட்டியே போட்டுவிடுவதாகவும் சொன்னாள்.

"அவர்கிட்ட குடும்மா" என்றார் அம்மா.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிக் கோழியை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"நாய் இல்லம்மா" என்றார். "நான்தான்."

சாக்கை நனைத்ததிலிருந்து மணலைத் தள்ளி மூடியதுவரை சொன்னார்.

மரியபுஷ்பம் குனிந்து நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். அடிபட்ட காலை மெல்லத் தடவிக் கொடுத்தாள். கோழியைத் திருப்பிக் கேட்கவில்லை. நாய் நொண்டிக்கொண்டே முன்னால் போக, அதன் பின்னால் போனாள்.

அவள் போனதும் அவர் அம்மாவிடம் கேட்டார். "உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"நாய் புகுந்திருந்தா இறகு சிதறியிருக்கும்."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லட்டும்னு இருந்துட்டேன். அதுக்குள்ள அவ நாயை அடிச்சுட்டா."

அம்மாவின் தலையும் குனிந்திருந்தது.

தில்லைநாயகத்துக்கு அது தாங்கவில்லை. கோழியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதார். "நான் இங்க இருக்க லாயக்கில்லாதவன். எங்கயாவது போயிடறேன். இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இனிமே எப்படி..."

"கையைத் தளர்த்துங்க" என்றார் அம்மா. "அதுக்கு மூச்சு முட்டுது."