குக்குறுவானின் டொக் டொக்

பறவை பேசினால் மனிதருக்கு விளங்கிய அந்தக் காலத்தில், செப்புப் பாத்திரத்துக்குப் பெயர்போன ஓர் ஊர் இருந்தது. செம்பு தட்டும் கன்னார்களின் பட்டறைகள் எல்லாம் கடைவீதியின் நடுவிலேயே இருந்தன. பொழுது விடிந்தால் சாயும்வரை சுத்தியல் ஓயாது. அங்கே குடியிருந்தவர்கள் கையைக் காட்டியே பேசப் பழகிவிட்டார்கள்.

வீதியோரத்து அத்திமரப் பொந்தில் ஒரு குக்குறுவான் குருவி குஞ்சு பொரித்திருந்தது. ஒருநாள் அந்த மரத்தில் பாம்பு ஏறியது. மைனாக்களும் அணில்களும் கத்தின. பக்கத்து மரத்தில் பழம் கொத்திக்கொண்டிருந்த தாய்க்குச் சுத்தியல் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அது திரும்பி வந்தபோது ஒரு குஞ்சுதான் மிச்சம்.

தாய்க்குருவி நேரே மூத்த கன்னார் அங்கப்பனிடம் போய், அவர் தட்டிக்கொண்டிருந்த அண்டாவின் விளிம்பில் உட்கார்ந்தது. அது வாயசைப்பதைக் கண்டு அவர் சுத்தியலை நிறுத்தினார். குருவி நடந்ததைச் சொன்னது.

“உங்கள் தொழிலை விடச் சொல்ல நான் வரவில்லை. மிச்சமிருக்கிற பிள்ளை கூப்பிட்டாலாவது எனக்குக் கேட்க வேண்டும்.”

அங்கப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். போன மாதம் அவர் மனைவி செங்கமலம் பிரசவ வலியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, தனியாகவே பிள்ளை பெற்றாள். அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை.

“என் வீட்டிலும் கூப்பிட்டாள்,” என்றார் அவர். “எனக்கு மட்டுமல்ல, அண்டை வீட்டில்கூட ஒருவருக்கும் கேட்கவில்லை.”

பட்டறைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று மற்ற கன்னார்களிடம் சொல்லிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனால் பாத்திரம் வாங்க யார் தேடி வருவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். குருவி யோசித்தது.

“பாத்திரம் வாங்க வருகிறவர்களுக்கு உச்சிக்கிளையில் உட்கார்ந்து நான் வழி சொல்கிறேன்,” என்றது.

அந்த ஒரு சொல்லை நம்பி அங்கப்பன் பாத்திரம் வைத்துத் தட்டும் தம் பட்டடைக் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். சிறிது தயங்கிவிட்டு மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

ஊருக்கும் பட்டறைகளுக்கும் நடுவே வெறும் பொட்டல். குருவி அத்திப்பழமும் ஆலம்பழமும் தின்று அங்கே எச்சமிட்டது. மழை பெய்தது, மரங்கள் எழுந்தன. சுத்தியலின் ஓசை இலைகளில் அடங்கி, ஊருக்குள் மெலிந்தே வந்தது. அங்கே குழந்தை அழுதால் தெருவுக்கே கேட்டது.

வெளியூர்க்காரர் வழி தெரியாமல் நிற்கும்போதெல்லாம் குருவி செம்பு தட்டுவதுபோலக் குரல் கொடுத்தது. அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்த குஞ்சுக்கு வேறு பாட்டு வரவில்லை.

பட்டறை வைக்கிறவர்கள் ஊருக்கும் தங்களுக்கும் நடுவில் மரம் வளர்ப்பது அன்று முதல்தான். குக்குறுவான் உச்சிக்கிளையில் வெயில் காய்ந்தபடி, யாரோ வழி கேட்டதுபோல, “டொக், டொக்” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் அன்று முதல்தான்.