கம்பெடுக்கும் முன் ஒரு கும்பிடு

மிராசுதார் தில்லைநாயகம் சிலம்பக்கூடம் நடத்தினார். கம்பு சுற்றினால் ஒழுக்கம் வளரும் என்று மேடைதோறும் முழங்குவார். அந்த ஒழுக்கம்தான் போன அறுப்பில் கூலி உயர்த்திக் கேட்ட மாசாணத்தின் மண்டையைப் பிளந்து கொன்றது. இப்போது அவன் பெண்டாட்டி காத்தாயியின் குடிசையைப் பிரிக்க வந்து நின்றது.

ஊரே கூடிவிட்டது. மிராசுதாருக்கு வேடிக்கை காட்ட ஆசை வந்தது.

"ஏய் காத்தாயி, என் மவன்கிட்ட கம்பெடுத்து ஒரு சுத்து தாக்குப்பிடி. குடிசை உனக்கு. இல்லேன்னா இப்பவே காலி பண்ணு."

காத்தாயி கூரையிலிருந்து ஒரு மூங்கிலை உருவிக்கொண்டு வந்தாள். மகன் கம்பை ஓங்கினான்.

"இருங்க சின்னய்யா. எதிராளி யாரா இருந்தாலும் மண்ணைத் தொட்டு, அவனைக் கும்பிட்டுட்டுத்தான் கம்பெடுக்கணும், கும்பிடாம அடிக்கிறவன் ரவுடின்னு பெரியய்யா மைக்குல சொல்வாரே. எனக்கு இன்னும் கும்பிடு வரலியே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மகன் அப்பாவைப் பார்த்தான்.

"இவளையாடா கும்பிடப் போறே?" என்று உறுமினார் மிராசுதார்.

"அப்ப கும்பிடாமலே அடிக்கச் சொல்லுங்கய்யா. உங்க கூடத்துப் பாடத்தை ஊரு பாக்கட்டும்."

கும்பிட்டால் சாதி கெத்து போகும். கும்பிடாமல் அடித்தால் மேடையில் பேசிய பேச்சு போகும். மிராசுதார் மகனை இழுத்துக்கொண்டு வண்டியேறினார்.

குடிசை பிழைத்தது. தெருச்சனம் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"இந்தச் சாமர்த்தியம் மாசாணத்துக்கு இல்லாமப் போச்சே, தாயி" என்றார் பக்கத்துக் குடிசைக்காரர்.

காத்தாயி மூங்கிலைக் கூரையில் திரும்பச் செருகினாள்.

"அவரும் கும்பிடு கேட்டிருப்பாரு அண்ணே. பின்னாலேருந்துல்ல அடிச்சாங்க."